கயோட்டி குட்டிகளைத் தூக்குகிறது, என்ன செய்வது?

கொட்டில்காரி (எல்ஜின், டெக்சஸ்)

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்டினுக்குக் கிழக்கே எல்ஜின் பக்கம் 11 ஏக்கர் வாங்கி ஆடு வளர்க்கிறோம். போயரும் ஸ்பானிஷும் கலந்த வெள்ளாடு, 26 உருப்படி. எனக்குச் சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். ஆட்டோடு வளர்ந்தவள்தான், ஆனாலும் இந்த மூன்று வாரமாக நடப்பது எனக்குப் புதிது. கயோட்டி என்பது நம்மூர் நரி மாதிரி, அதைவிடப் பெரிய, இங்கத்திய காட்டு விலங்கு.

பிப்ரவரி கடைசியில் ஆடுகள் குட்டி போடத் தொடங்கின. அதிலிருந்து நான்கு குட்டிகளும் ஒரு தாய் ஆடும் போய்விட்டன. மூன்று குட்டிகளுக்குத் தடமே இல்லை. ஒன்றின் பின்னங்கால் மட்டும் கிடைத்தது. இன்று விடியற்காலை குளத்தங்கரையில் செவலை செத்துக் கிடந்தாள். மடி நிறையப் பால் கட்டியிருந்தது. ஒன்பது நாள் குட்டி பக்கத்தில் நின்று காம்பை முட்டிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிவந்து புட்டிப்பால் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பொழுது சாய்ந்தால் மேற்கே ஓடைப் பக்கம் ஊளை தொடங்கிவிடுகிறது. பத்துப் பதினைந்து இருக்கும் போலக் கேட்கிறது. அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். மாலையில் எங்கள் சின்ன நாயைக் கூட்டிக்கொண்டு வாசல் கேட் வரை நடப்பார். போன வாரம் முப்பது அடி தள்ளி ஒரு கயோட்டி நின்று, போகவும் இல்லாமல் வரவும் இல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்ததாம். அன்றிலிருந்து அம்மா வெளியே வருவதில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் கறியில் விஷம் கலந்து போடச் சொல்கிறார். என் கணவர் துப்பாக்கி வாங்கிவிடலாம் என்கிறார். ஏற்கெனவே இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கொறங்காடு (காங்கேயம்)

அம்மிணி, படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கள் பக்கம் ஆட்டுக்கு எமன் தெருநாய்தான். வெள்ளகோவில், காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் பட்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். எனக்கு ஒரே ராத்திரியில் பதினொரு செம்மறி. கிளுவை வேலியில் ஒரு சந்து, அதில் புகுந்து கடித்துக் குதறிப் போட்டுவிட்டன. ஒன்றைக்கூட முழுசாகத் தின்னவில்லை. அதனால் கேட்கிறேன், உங்களுக்கு வந்தது கயோட்டிதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அக்கம்பக்கத்து வீட்டு நாயாகவும் இருக்கலாம் அல்லவா? ஊளை கேட்டது என்பதற்காகப் பழியை அதன் மேல் போட்டுவிட்டால், கொன்றது தப்பித்துவிடும்.

ஆட்டு வைத்தியர் (சான் ஆஞ்சலோ, டெக்சஸ்)

கொறங்காட்டார் கேட்டதுதான் முதல் கேள்வி. சகோதரி, செவலையைப் புதைத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். மனசுக்குச் சிரமமான வேலைதான், ஆனாலும் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. உயிரோடு இருந்தபோது கடி விழுந்திருந்தால் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டியிருக்கும். செத்த பிறகு தின்ன வந்ததென்றால் அப்படி இருக்காது. நோயிலோ, குட்டி ஈனும் சிரமத்திலோ செத்த ஆட்டைக் கயோட்டி தின்றுவிட்டுப் பழி சுமப்பது இங்கே அடிக்கடி நடக்கும்.

கயோட்டி பெரிய ஆட்டைக் கொன்றால் கடி தொண்டையில், தாடைக்குக் கீழே இருக்கும். தின்பதை விலா எலும்புக்குப் பின்னால், வயிற்றுப் பக்கமிருந்து தொடங்கும். நாய்கள் என்றால் பின்தொடை, வால், காது என்று கண்ட இடத்தில் கடி, பல ஆடுகளுக்குக் காயம், தின்றது கொஞ்சம். பாப்கேட் (இங்கத்திய காட்டுப்பூனை) என்றால் நகக் கீறல் இருக்கும், பின்கழுத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் கருங்கழுகு என்று ஒன்று இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள். பிறந்த ஈரம் காயாத குட்டியின் கண்ணையும் நாக்கையும் தொப்புளையும் கொத்தும். அது மத்திய சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பறவை, அனுமதி வாங்காமல் கை வைக்க முடியாது. ஆனால் குட்டிகள் தடமே இல்லாமல் போவது பெரும்பாலும் கயோட்டி வேலை. சின்ன உருப்படியை அது வாயில் கவ்விக்கொண்டே போய்விடும்.

ஊளையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று கயோட்டி சேர்ந்தாலே பத்து இருப்பது போலக் கேட்கும். குரலை அத்தனை விதமாக மாற்றும்.

கொட்டில்காரி

பார்த்துவிட்டேன், வைத்தியரே. கணவர் டார்ச் பிடித்தார், நான் உரித்தேன். வெளியே இரண்டு சின்னப் பொத்தல்தான், மயிரை விலக்கினால்தான் தெரிந்தது. தோலை இழுத்தவுடன் உள்ளே கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பாக இரத்தம் கட்டி, மூச்சுக்குழாய் நசுங்கியிருந்தது. உடம்பில் வேறு எங்கும் கடி இல்லை. வலது விலாவுக்குப் பின்னால் மட்டும் தின்றிருக்கிறது.

அப்புறம் மேற்கு வேலியை முழுக்க நடந்து பார்த்தோம். ஓடை திரும்பும் இடத்தில் நெட் வயரின் அடிப்பாகம் ஒரு முழம் மேலே தூக்கியிருந்தது. காட்டுப்பன்றி மூக்கால் நெம்பிய இடம், மண் கிளறிக் கிடக்கிறது. கம்பி நுனியில் சாம்பலும் பழுப்புமாக மயிர் ஒட்டியிருந்தது. பன்றி திறந்துவிட்ட வாசலில் கயோட்டி போய் வந்திருக்கிறது. இதை மூன்று வாரமாக நான் பார்க்கவில்லையே என்பதுதான் இப்போது வலிக்கிறது.

இரவுக்காவல் (ஓக்லஹோமா)

சகோதரி, சந்தேகம் தீர்ந்துவிட்டது அல்லவா, இனி யோசிக்க வேண்டாம். சுடுங்கள். போன வருஷம் எனக்குப் பதினேழு செம்மறிக் குட்டி போனது. வேலி போட்டேன், விளக்கு வைத்தேன், ரேடியோ பாட விட்டேன். ஒரு வாரம் பயந்தது, அப்புறம் அந்த விளக்கு வெளிச்சத்திலேயே வந்து தூக்கியது. கடைசியில் இரவுப் பார்வைக் கருவி வாங்கி ஒரு மாதம் உட்கார்ந்தேன், ஐந்து விழுந்தது. அந்தப் பருவம் முழுக்க ஒரு குட்டிகூடப் போகவில்லை. ஆட்டை வைத்துக் கடன் கட்டுகிறவனுக்குத்தான் அந்த நிம்மதி தெரியும். நகரத்தில் உட்கார்ந்து அது பாவம் என்று சொல்கிறவர்கள் வந்து என் குட்டிகளை எண்ணிப் பார்க்கட்டும்.

மாலை நடை (ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

உயிரோடு பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விட முடியாதா? கொல்லாமல் முடியுமென்றால் அதுதானே நல்லது.

ஆட்டு வைத்தியர்

மாலை நடைக்கு முதலில். டெக்சஸில் முடியாது. 1988 இல் தெற்கு டெக்சஸ் கயோட்டிகளில் நாய் வெறிநோய் பரவி பெரிய ஆபத்தாகிவிட்டது. 1995 முதல் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து வைத்த இரைகளைப் போட்டுத்தான் அதை அடக்கினார்கள். அந்தச் சமயத்தில் போட்ட தடையால் கயோட்டி, நரி, ரக்கூன் மூன்றையும் உயிரோடு பிடித்து ஏற்றிச் செல்லக் கூடாது. தடையே இல்லையென்றாலும் இன்னொருவர் ஆட்டுப்பட்டி வாசலில் கொண்டுபோய் விடுவதுதானே அது.

விஷம், கூடவே கூடாது. திறந்த வெளியில் விஷக்கறி போடுவது மத்திய சட்டப்படி குற்றம். முதலில் சாவது உங்கள் நாயும் பக்கத்து வீட்டு நாயும் பருந்தும்தான். 1972 இல் அதிபர் நிக்சன் அரசு நிலங்களில் இந்த விஷங்களைத் தடை செய்ததற்கு அதுவே காரணம். பிறகு சயனைடு பீச்சும் எம்-44 குழாயை வைக்க அனுமதித்தார்கள். 2017 இல் ஐடஹோவில் போக்கடெல்லோ அருகே வீட்டுக்குப் பின்னால் விளையாடப் போன பையன் அதைத் தொட்டுவிட்டான். அவன் பிழைத்தான், கூடப் போன நாய் கண் முன்னால் செத்தது. உங்கள் பக்கத்து நிலத்துக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

சுடுவதைப் பற்றி. டெக்சஸ் சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆட்டைத் தாக்குகிற, தாக்க வருகிற, அண்மையில் தாக்கிய நாயையோ கயோட்டியையோ ஆட்டின் சொந்தக்காரர் கொல்லலாம். தம்பி இரவுக்காவல் சொல்லும் நிம்மதியும் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அது எத்தனை நாளைக்கு என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் ஹாப்லண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் கயோட்டிகளுக்கு ரேடியோப் பட்டை கட்டிப் பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். ஆடு கொன்றது பெரும்பாலும் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஆண் பெண் சோடி. பொறியில் விழுந்ததோ பெரும்பாலும் ஒன்றும் அறியாத இளசுகள். கொல்லும் சோடியையே எடுத்துவிட்டால் சில மாதம் அடங்கும், அப்புறம் காலி இடத்துக்கு வேறு சோடி வரும். புதிதாக வருகிறது ஆட்டைத் தொடுமா, எலி முயலோடு நிற்குமா என்பது அதிர்ஷ்டம்தான்.

கண்டதையெல்லாம் சுட்டு ஒழித்துவிடலாம் என்பதற்கும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1975 இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இருவர் போட்ட கணக்கில், வருஷத்துக்கு நூற்றுக்கு எழுபத்தைந்தைக் கொன்றாலும் அவை அற்றுப்போக ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த நாடே சேர்ந்து சுட்டும் பொறி வைத்தும் வந்திருக்கிறது. மேற்கே மட்டும் இருந்தது இன்று அலாஸ்கா முதல் பனாமா வரை இருக்கிறது.

உங்களுக்கு நாள் குறைவு. ஏப்ரல், மே மாதத்தில் அவை குட்டி போடும். அப்போது இரை கூடுதலாகத் தேவைப்படும். இன்றைக்கே வேலி அடியை அடையுங்கள். ராத்திரி ஒரு ஆடுகூட வெளியே வேண்டாம்.

இரவுக்காவல்

ஐயா, உங்கள் படிப்பை மதிக்கிறேன். ஆனால் ஆறு மாதம் அடங்கினால் போதும் என்பதுதான் எங்கள் நிலைமை. குட்டிகள் பெரிதாகும் வரைக்கும் காப்பாற்றினால் அந்த வருஷம் தப்பித்தோம். ஓநாயும் கழுகும் கொன்றால் மத்திய அரசு இழப்பீட்டுத் திட்டத்தில் பணம் உண்டு, கயோட்டி கொன்றால் இல்லை. முழு நட்டமும் எங்கள் தலையில்.

ஆட்டு வைத்தியர்

அந்த நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன், தம்பி. வேலிக்கும் நாய்க்கும் ஆகும் செலவையும் ஆட்டுக்காரரே சுமக்க வேண்டும் என்பது சரியில்லை. கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டியில் 2000 வாக்கில் அரசுப் பொறிக்காரர் ஒப்பந்தத்தை நிறுத்தி, அந்தப் பணத்தில் வேலி போடவும் காவல் நாய் வாங்கவும் ஆட்டுக்காரர்களுக்கு உதவினார்கள். இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று நான் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

படலை (பீட்டர்பரோ, ஒன்டாரியோ)

தங்கச்சி, நாங்கள் இங்கே செம்மறி வளர்த்துப் பன்னிரண்டு வருஷம். எங்கள் பக்கத்துக் கயோட்டி உங்களுடையதைவிடப் பெரிசு, ஓநாய் இரத்தம் கலந்தது. எங்களுக்கு மாகாண அரசின் இழப்பீடு இருக்கிறது. செத்ததைக் கண்டு 48 மணித்தியாலத்துக்குள் நகரசபைக்கு அறிவித்தால் ஆள் வந்து பார்த்து எழுதுவார். ஆனால் காசு வந்தால் ஆடு திரும்பி வராதுதானே. எங்களைக் காப்பாற்றியது நாய்தான். அதிலே நாங்கள் விட்ட பிழையையும் சொல்கிறேன், நீங்கள் விடாதீர்கள்.

முதலில் கிரேட் பிரனீஸ் என்ற காவல் நாய் இனத்தில் ஒரு குட்டி வாங்கினோம். பிள்ளைகள் ஆசைப்பட்டு வீட்டுக்குள்ளேயே ஆறு மாதம் வளர்த்துவிட்டார்கள். பேந்து கொட்டிலில் கொண்டுபோய் விட்டால் படலையடியில் படுத்துக்கொண்டு வீட்டையே பார்த்து அழும். ஆட்டோடு நிற்கவே இல்லை. இரண்டாவது நாயை எட்டாம் கிழமையிலிருந்தே (கிழமை என்றால் வாரம்) கொட்டிலுக்குள் விட்டோம். பக்கத்தில் ஒரு கம்பிக் கூண்டு, அதைச் சுற்றி ஆடுகள். சாப்பாடும் அங்கேதான், நித்திரையும் அங்கேதான். எட்டிலிருந்து பதினாறு கிழமைக்குள் எதோடு பழகுகிறதோ அதைத்தான் தன் சொந்தம் என்று நினைக்கும். ஒரு வயதில் விளையாட்டாக ஆட்டுக்குட்டியின் காதைக் கடித்தது, கம்பளியை இழுத்தது. அதைப் பார்த்துப் பயந்து நாயை மாற்றிவிடாதீர்கள். தனியே குட்டிகளோடு விடாமல் பக்கத்தில் நின்று கண்டியுங்கள். இரண்டு வயதில்தான் முழுக்காவல் நாய் ஆகும்.

இப்போதைக்கு உங்களுக்கு இரண்டு வருஷம் பொறுக்க ஏலாது. அதனால் ஏற்கெனவே ஆட்டோடு வேலை செய்த, வளர்ந்த நாயைத் தேடுங்கள். மந்தையை விற்றுவிட்டுப் போகிறவர்களிடம் கிடைக்கும். முதல் இரண்டு மூன்று கிழமை புது ஆடுகளோடு வடிவாகப் பழக விடுங்கள்.

கொறங்காடு

ஒரு சந்தேகம். நம்ம ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை இதெல்லாம் அங்கே கிடைத்தால் உதவுமா? வீரத்தில் குறைவில்லையே.

ஆட்டு வைத்தியர்

வீரம் வேறு, இந்த வேலை வேறு. சிப்பிப்பாறை ஓடுவதைப் பார்த்தால் துரத்திப் பிடிக்கும். வேட்டைக்கு வளர்த்த இரத்தம் அது. ராஜபாளையமும் கோம்பையும் வீட்டையும் தோட்டத்தையும் ஆளையும் காக்கும். ஆட்டுக் காவல் நாய் ஆட்டை விட்டுத் தூரம் போகக் கூடாது. கயோட்டிக்கும் மந்தைக்கும் நடுவில் போய் நின்று குரைக்கும், விரட்டிவிட்டு உடனே திரும்பும். ஆடு துள்ளி ஓடினால் துரத்தத் தோன்றாத நாயாக அது இருக்க வேண்டும். பிரனீஸ், அனடோலியன், அக்பாஷ் எல்லாம் பல நூறு ஆண்டுகள் அப்படியே தேர்ந்தெடுத்து வளர்த்தவை.

கழுதையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நாய்க்குக் காத்திருக்கும்போது ஒரு கழுதை நல்ல துணை. பெட்டைக் கழுதை அல்லது காயடித்தது, ஒன்றே ஒன்று. இரண்டு வாங்கினால் அவை இரண்டும் சேர்ந்துகொண்டு ஆட்டை விட்டுவிடும். காயடிக்காத ஆண் வேண்டாம், குட்டியைக் கடித்து உதறிவிடும்.

மாலை நடை

கொட்டில்காரி அக்கா, அம்மாவின் பயம் எனக்குப் புரியும். எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே ஓடை, கயோட்டி தினமும் வரும். பக்கத்து வீட்டுப் பூனை போனது. இரண்டு வருஷத்தில் நாங்கள் பழகியது இதுதான். பார்த்ததும் ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது. சின்ன நாயைத் தூக்கிக்கொண்டு, கையை உயர்த்தி, காட்டுக் கத்தல் கத்த வேண்டும். ஒரு அடி முன்னால் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். உடனே போகவில்லை என்றால் போகும்வரை விடக் கூடாது, பாதியில் நிறுத்தினால் நம் சத்தம் வெறும் சத்தம் என்று அது கற்றுக்கொள்கிறது. அம்மா கையில் ஒரு தட்டும் கரண்டியும் கொடுத்துவிடுங்கள், அதைவிட வேறு ஆயுதம் வேண்டாம். நாயை ஆறடிக் கயிற்றில்தான் கூட்டிப் போக வேண்டும். நீளும் கயிறு வேண்டாம்.

வாசலில் பூனைக்கும் நாய்க்கும் வைக்கும் சாப்பாட்டை இரவில் எடுத்துவிடுங்கள். நாய்க்கு வெறிநோய் ஊசி தேதி தவறக் கூடாது. தடுப்பூசி போட்ட நாயைக் கயோட்டி கடித்தால் உடனே மறு ஊசியும் 45 நாள் தனிமையும்தான். போடாத நாய் என்றால் நிலைமை மிகவும் மோசம்.

கொட்டில்காரி (ஆறு வாரம் கழித்து)

கேட்டதையெல்லாம் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதல் நாளே ஓடை வளைவில் வேலி அடியை இழுத்துக் கட்டி, வெளிப்பக்கம் ஒன்றரை அடி அகலத்துக்குக் கம்பி வலையைத் தரையில் பரப்பி ஆணி அடித்தோம். தோண்ட வந்தால் கால் வலையில்தான் படும். அதற்கும் வெளியே தரையிலிருந்து எட்டு அங்குலத்தில் ஒரு மின்கம்பி. பன்றிக்கும் அதுதான் மருந்து, ஒரு தடவை மூக்கில் பட்டதும் அந்தப் பக்கம் வருவதில்லை. கொட்டிலுக்குப் பக்கத்தில் நான்கு அங்குலக் கட்டம் போட்ட பேனல்களால் இரவுப் பட்டி. சூரியன் இறங்கும் முன் எல்லாம் உள்ளே. குட்டி போடும் ஆடு கொட்டிலுக்குள், நஞ்சுக்கொடியை அன்றன்றே எடுத்து ஆழமாகப் புதைக்கிறேன். முன்பு அதை வேலியோரம் எறிந்துவிடுவேன். நானே கூப்பிட்டு விருந்து வைத்திருக்கிறேன்.

படலை அக்கா சொன்னபடி தேடி, மந்தையை விற்றுவிட்டுப் போன ஒரு வயதான தம்பதியிடம் நான்கு வயது பிரனீஸ் பெட்டை கிடைத்தது. முதல் பத்து நாள் ஆடுகள் அதைப் பார்த்துக் கலைந்து ஓடின. பதினோராம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், செவலையின் குட்டி அதன் முதுகு மேல் ஏறி நிற்கிறது. நாய் அசையாமல் படுத்திருந்தது. நான் கொட்டில் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

ஒன்றைக் கொல்ல வேண்டி வந்தது. இதை இங்கே மறைக்க எனக்கு விருப்பமில்லை. நாய் வரும் முன்னால், பகல் பதினொரு மணிக்கு ஒரு ஆண் கயோட்டி மேய்ச்சலுக்குள் வந்து மறுபடி ஒரு குட்டியைக் கவ்வியது. நான் கத்தியும் விடவில்லை. அடுத்த நாளும் அதே இடத்துக்கு வந்தது. கணவருக்குத் துப்பாக்கி பழக்கமில்லை, தெரிந்த ஒருவரை அழைத்து அதை மட்டும் சுடச் சொன்னோம். இரவுக்காவல் அண்ணா, நீங்கள் சொன்ன நிம்மதி என்னவென்று அன்று இரவு எனக்கும் தெரிந்தது. ஆனால் ஓடையில் மிச்சம் இருப்பதைத் தேடிப் போக வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நாய் வந்த பிறகு இந்த நான்கு வாரத்தில் ஒரு குட்டிகூடப் போகவில்லை.

கொறங்காடு

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்று எங்கள் அப்பத்தா சொல்லும். நல்ல முடிவு, அம்மிணி.

இரவுக்காவல்

சந்தோஷம், சகோதரி. அந்தத் தம்பதியிடம் இன்னொரு நாய் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல முடியுமா? இருந்தால் நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

கொட்டில்காரி

இதன் அண்ணன் ஒன்று இருக்கிறது அண்ணா, ஆறு வயது. கேட்டுவிட்டேன், சனிக்கிழமை வரலாம் என்கிறார்கள். ஒன்று மட்டும், வெயில் அதிகம் என்று மயிரை ஒட்ட வெட்டிவிட வேண்டாம் என்று சொன்னார்கள், தோல் வெந்துவிடுமாம். நிழலும் தண்ணீரும் போதும். இதயப்புழு மாத்திரை மாதாமாதம் தவறக் கூடாது.

அம்மா இப்போது மறுபடி மாலையில் நடக்கிறார். தட்டும் கரண்டியும் கையில் இருக்கிறது.